இறையும் இறையிலியும்

சித்தையன்கோட்டையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சென்ற தவக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது நம்மைக் காண வந்திருந்தார். ஆத்தூர்க் காமராசர் நீர்த்தேக்கத்தை அடுத்த நெல்வயல்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். பணி நிறைவில் கிடைத்த தொகையிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைக் கடவுளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அதுபற்றித்தான் அவருக்கு ஓர் ஐயம்.

"சாமி, கோயில் கூரையைப் பழுதுபார்க்கக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வருமான வரியில் சலுகை உண்டு, கோயிலுக்குக் கொடுத்தால் இல்லை என்று ஆடிட்டர் சொல்கிறார். கடவுளுக்குக் கொடுப்பதில் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கலாமா? பார்த்தால் பாவமா?"

நாம் உடனே விடை கூறவில்லை. அவர் கேட்ட கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. திருச்சபை தோன்றிய நாள் முதலே கூட வருவது. ஆகவே சற்று நிதானமாக, வரலாற்றின் வழியே சென்று இதனை எண்ணிப் பார்ப்பது நலம் என்று தோன்றியது. அவ்வாறு எண்ணியவற்றையே இங்கு வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நம் தமிழ்ச் சொல் ஒன்றைப் பார்ப்போம். 'இறை' என்றால் கடவுள். 'இறை' என்றால் அரசன். 'இறை' என்றால் வரி. திருக்குறளில் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் இச்சொல் அரசனைக் குறிக்கிறது; நாடு என்னும் அதிகாரத்தில் குடிகள் செலுத்தும் வரியைக் குறிக்கிறது. இறைமக்கள், இறைவார்த்தை என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களிலோ அது ஆண்டவரைக் குறிக்கிறது. சீசருக்கு உரியதையும் கடவுளுக்கு உரியதையும் பிரித்துக் காட்டிய நம் ஆண்டவரின் மறுமொழியை, 'இறைக்கும் இறைக்கும் அவரவர்க்கு உரியதைக் கொடுங்கள்' என்று நயமாகச் சொல்லிவிடலாம் போலும். ஆனால் எந்த இறைக்கு எவ்வளவு என்பதில்தான் மனிதர்க்கு எப்போதும் குழப்பம்.

ஆண்டவரும் வரி செலுத்தியவரே. கப்பர்நாகுமில் கோயில் வரி கேட்கப்பட்டபோது, அரசரின் பிள்ளைகள் வரிக்கு உட்படாதவர்கள் என்பதைப் பேதுருவுக்கு உணர்த்திய பின்பும், பிறர்க்கு இடறலாக இருத்தல் ஆகாது என்று மீனின் வாயில் கிடைத்த நாணயத்தைக் கொடுக்கச் சொன்னார். விலக்குக் கோரும் உரிமை தமக்கு இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. இந்நிகழ்ச்சியை நாம் நினைவில் நிறுத்திக்கொள்வோம். பின்னர் இதற்கு மீண்டும் வரவேண்டியிருக்கும்.

தொடக்கத் திருச்சபையினர் வரியையும் கொடையையும் ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்தவில்லை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேசு நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், ஏறத்தாழ 197-ஆம் ஆண்டு எழுதிய 'அப்பொலொகேத்திக்கும்' என்னும் நூலில் இரு செய்திகளைக் குறிப்பிடுகிறார். கிறித்தவர்கள் மாதந்தோறும் தம்மால் இயன்றதை, எவருடைய கட்டாயமுமின்றிப் பொதுப் பெட்டியில் இடுகிறார்கள். அத்தொகை ஏழைகளுக்கு உணவிடவும், இறந்தோரை அடக்கம் செய்யவும், ஆதரவற்ற பிள்ளைகளைப் பேணவும், கப்பல் உடைந்து தவிப்போருக்கு உதவவும் செலவாகிறது என்பது ஒன்று. கோயில்களுக்குக் கிறித்தவர்களால் வருமானம் குறைந்தாலும், அரசின் ஏனைய வரிகளை அவர்கள் ஏமாற்றாமல் செலுத்துவதால் அரசுக்கு ஆதாயமே என்பது மற்றொன்று. கொடையும் வரியும் ஒரே நேர்மையின் இரு கைகளாக அன்று விளங்கின.

பின்னர் நிலைமை மாறியது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 313-ஆம் ஆண்டுவாக்கில் திருப்பணியாளர்களைக் கட்டாயப் பொதுக் கடமைகளின் சுமையிலிருந்து விடுவித்தார். வழிபாட்டுப் பணி தடைபடக்கூடாது என்பது அதன் நோக்கம். நடந்தது என்ன? நகர மன்றங்களின் செலவுச் சுமைகளைத் தாங்கவேண்டிய செல்வர் பலர், அச்சுமையிலிருந்து தப்பும் பொருட்டுத் திருப்பணியாளர் நிலைக்குள் நுழையத் தொடங்கினர். சில ஆண்டுகளுக்குள்ளேயே, செல்வர்கள் அவ்வாறு நுழைவதைத் தடுத்துப் பேரரசரே சட்டம் இயற்ற நேர்ந்தது. சலுகை பிறந்த அன்றே அதன் நிழலும் பிறந்துவிட்டது. எனினும் திருச்சபையின் தலைசிறந்த ஆயர்கள் சலுகையைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. அரசனுக்கு அடிபணிந்து ஆலயத்தைக் கையளிக்க மறுத்த மிலான் நகர ஆயர் தூய அம்புரோசு, 386-ஆம் ஆண்டு ஆற்றிய உரையில், திருச்சபையின் நிலங்கள் வரி செலுத்துகின்றன என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறினார். வழிபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்காத அவர், வரியை மறுக்கவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தென்னகத்தில் கிறித்தவ ஆலயம் ஒன்று வரிச்சலுகை பெற்றதற்கு மிகப் பழைய சான்று கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேரப் பெருமாள் தாணு இரவியின் ஆட்சியில், 849-ஆம் ஆண்டு, வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் இதனை வழங்கினார். மறுவான் சபீர் ஈசோ என்பவர் கட்டிய ஆலயத்துக்கு நிலமும் உரிமைகளும் அளிக்கப்பட்டன. ஆலயத்தைச் சார்ந்த குடிகளிடம் தலைக்காணம், ஏணிக்காணம் முதலிய வரிகளைக் கொள்ளலாகாது என்று விதிக்கப்பட்டது. வட்டெழுத்தில் அமைந்த அந்தச் செப்பேட்டின் இறுதியில் அரபு, பகலவி, எபிரேயம் ஆகிய எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன. ஓர் ஆலயத்துக்கான கொடைக்குப் பல சமயத்தார் சாட்சி நின்றது நமக்குப் பெருமையே.

அச்செப்பேட்டை வாசிக்கும்போது நெஞ்சை உறுத்துவதும் ஒன்று உண்டு. நிலம் மட்டும் கொடுக்கப்படவில்லை. அந்நிலத்தில் உழைத்த ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகளும் ஆலயத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களுக்கு வரி நீங்கியது உண்மை. ஆனால் அவர்களைக் கேட்டா கொடுத்தார்கள்? ஆலயம் பெற்ற சலுகைக்குப் பின்னால் உழைக்கும் மனிதர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலத்துக்கு 'இறையிலி' என்று பெயர். சிவன், திருமால் கோயில்களுக்கு விட்டது தேவதானம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம். கடல் கடந்த ஸ்ரீவிசய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். சிவனடியானாகிய சோழன் புத்தர் பள்ளிக்கு விட்டுக்கொடுத்த அவ்வருவாயைக் கூறும் செப்பேடுகள், பின்னாளில் ஆலந்து நாட்டு லைடன் நகரைச் சென்றடைந்தமையால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றன.

இறையிலி என்றால் வரி மாயமாய் மறைந்துவிட்டது என்பது பொருளன்று. அரசன் களஞ்சியத்துக்குச் செல்லவேண்டிய நெல் பள்ளியின் களஞ்சியத்துக்குச் சென்றது, அவ்வளவே. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அதற்குச் சான்று 'இறைகாவல்' என்னும் வழக்கம். தனியொருவர் கோயிலுக்கு நிலம் கொடுக்கும்போது, அந்நிலத்தை இறையிலியாக்க விரும்பினால், ஊர்ச்சபையிடம் ஒரு தொகையை மொத்தமாகச் செலுத்திவிடுவார். சபையார் அதனைப் பெற்றுக்கொண்டு, அந்நிலத்துக்குரிய வரியைத் தாமே ஆண்டுதோறும் செலுத்த உடன்படுவர். ஒருவர் செலுத்தாத வரியை வேறொருவர் செலுத்தியே ஆகவேண்டும் என்னும் உண்மையை அக்காலத்து ஊர்ச்சபை கல்லில் எழுதி வைத்தது. அந்த வேறொருவர் யார் என்பதை அவர்கள் கேட்டனர். நாம் கேட்கிறோமா?

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1858-ஆம் ஆண்டு இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. முந்தைய அரசர்களும் பாளையக்காரர்களும் விட்ட இறையிலி நிலங்கள் ஒவ்வொன்றும் ஆராயப்பட்டன. தனியார் அனுபவித்த இனாம்களுக்கு ஒரு சிறு வரி விதித்து அவற்றை அவர்களுக்கே உரிமையாக்கினர். கோயில், பள்ளிவாசல், ஆலயம், சத்திரம் ஆகியவற்றின் அறப்பணிகளுக்குரிய இனாம்களை, அப்பணி நடைபெறும் வரையில் என்னும் நிபந்தனையோடு உறுதிசெய்தனர். இங்கே ஒரு கோட்பாடு தெளிவாகிறது. சலுகை நிறுவனத்தின் பெருமைக்கன்று. அது செய்யும் பணிக்கே. பணி நின்றால் சலுகைக்கும் உரிமை இல்லை.

வருமான வரி இந்நாட்டில் 1860-ஆம் ஆண்டு ஜேம்ஸ் வில்சன் என்பவரால் கொண்டுவரப்பட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் நேர்ந்த பணமுடையை ஈடுகட்டுவதே நோக்கம். 1886-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், சமயப் பணிக்கும் பொது அறப்பணிக்கும் மட்டுமே பயன்படும் சொத்தின் வருவாய்க்கு வரி விலக்கு அளித்தது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையில், 1863-இல், இங்கிலாந்தில் நடந்த ஒரு விவாதம் நம் கவனத்துக்குரியது. அந்நாட்டு நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். அவரே அறநிறுவனங்களின் வரி விலக்கை நீக்கவேண்டும் என்று பாராளுமன்றத்தில் வாதிட்டார். விலக்கு என்பது வரி செலுத்தும் ஏனையோரின் பணத்திலிருந்து, எவருடைய மேற்பார்வையும் இன்றி வழங்கப்படும் மானியமே என்பது அவர் வாதம். கடும் எதிர்ப்பு எழவே, அவர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அவர் முடிவை நாம் ஏற்கவேண்டியதில்லை. பசித்தோர்க்கு உணவிடும் நிறுவனத்துக்குச் சமுதாயம் கைகொடுப்பது நீதியே. ஆனால் அவர் வாதத்தின் உட்கருவை மறுக்கவியலாது. அது நம் ஊர்ச்சபையார் அறிந்திருந்த அதே உண்மை.

கொடுக்கும் தனிமனிதர்க்கும் சலுகை என்பது நம் நாட்டில் விடுதலைக்குப் பின் வந்தது. 1948-இல் அது சட்டத்தில் இடம்பெற்றது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில், 1968 ஏப்ரல் முதல் 80ஜி என்னும் பிரிவு சேர்ந்தது. 2026 ஏப்ரல் 1-ஆம் நாளைத் தொடக்க நாளாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டபோதிலும், 80ஜி என்னும் பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

அதன் கணக்கை எளிமையாகப் பார்ப்போம். அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்கு ஒருவர் 10,000 ரூபாய் கொடுக்கிறார். பொதுவாக அதில் பாதி, அதாவது 5,000 ரூபாய், அவருடைய வருமானக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். அவர் 20 விழுக்காடு வரி செலுத்துபவரானால் 1,000 ரூபாய் வரி குறையும். ஆக, அவர் கையிலிருந்து உண்மையில் சென்றது 9,000 ரூபாய். எஞ்சிய 1,000 ரூபாய் அரசு விட்டுக்கொடுத்தது. அரசின் பணம் யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் விலையோடு வரியையும் சேர்த்துச் செலுத்தும் சின்னாளபட்டி நெசவாளியின் பணமும், ஆத்தூர் வயலில் களையெடுக்கும் தாயின் பணமும் அதில் கலந்திருக்கிறது. ரசீதில் கொடையாளர் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. கொடையிலோ பெயரில்லாத பலரும் பங்குகொண்டிருக்கிறார்கள்.

இதிலிருந்து இரு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, உண்மை. 10,000 கொடுத்துவிட்டு 50,000-க்கு ரசீது கேட்பதும், கேட்பவர்க்கு எழுதிக் கொடுப்பதும் ஏழையின் பையில் கைவிடுவதே அன்றி வேறில்லை. திருத்தூதர் பணிகள் நூலில் அனனியாவும் சப்பிராவும் எதற்காகக் கண்டிக்கப்பட்டனர்? குறைவாகக் கொடுத்ததற்காக அன்று. நிலம் அவர்களுடையது, விற்ற பணமும் அவர்களுடையதே. கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதே அவர்கள் குற்றம். பொய் ரசீதின் மூதாதையர் அவர்களே எனலாம். இரண்டாவது, கணக்கு. எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டிய தூய பவுல், அத்தொகையைத் தாம் தனியே எடுத்துச் செல்லவில்லை. திருச்சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டார். ஆண்டவர் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் குற்றம் காண இடமிருக்கலாகாது என்பது அவர் விருப்பம். பங்குப் பேரவையில் ஆண்டுக் கணக்கை வாசிக்கும்போது சிலர் சலித்துக்கொள்வர். அது ஆன்மீகத்துக்குப் புறம்பான செயல் என்று கருதுவோர் கொரிந்தியர்க்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தைப் படிப்பார்களாக.

ஆசிரியர் சொன்னது சட்டப்படி சரியே. 80ஜி சலுகை அறப்பணிக்கு உரியது. வழிபாட்டுப் பணிக்கான காணிக்கைக்கு அது பொதுவாகக் கிடையாது. அரசு அறிவிக்கை செய்த புகழ்பெற்ற வழிபாட்டிடங்களின் பழுதுபார்ப்புக்கு மட்டும் சட்டத்தில் தனியிடம் உண்டு. நம் சிற்றூர் ஆலயக் கூரை அதில் அடங்காது. ரொக்கமாகக் கொடுப்பதானால் 2,000 ரூபாய்க்கு மேல் சலுகை இல்லை. ஆனால் அதே சட்டத்தில் வியப்புக்குரிய ஓர் இடமும் உண்டு. 2006-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், கொடுத்தவர் யார் என்று பதிவில்லாத நன்கொடைகளுக்கு 30 விழுக்காடு வரி விதித்தது. கறுப்புப் பணத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆயினும் முற்றிலும் சமயப் பணிக்கான அமைப்புகளுக்கு வரும் அத்தகைய காணிக்கையை அது விட்டுவைத்தது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்னும் ஆண்டவரின் கட்டளைக்கு, அறிந்தோ அறியாமலோ, நாட்டின் சட்டம் உண்டியலில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. முத்தழகுபட்டிப் புனித செபஸ்தியார் திருவிழாவில் மக்கள் ஆடும் கோழியும் அரிசியுமாகக் கொண்டுவந்து குவிக்க, அவை சமைக்கப்பட்டுச் சாதி சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் பரிமாறப்படுவதைத் திண்டுக்கல் வட்டாரத்தார் அறிவர். யார் கொடுத்த ஆடு யார் இலையில் விழுந்தது என்று அங்கு எவர் கணக்கு எழுதுகிறார்?

இனி, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு வழக்கு. அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் கன்னியர்க்கும் குருக்களுக்கும் அரசு ஊதியம் வழங்குகிறது. திருச்சபைச் சட்டத்தின் 668-ஆம் எண், துறவியர் உழைப்பால் பெறுவதெல்லாம் அவர்தம் சபைக்கே உரியது என்கிறது. 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைச் சான்றாகக் கொண்டு, அவ்வூதியத்தில் நெடுங்காலம் வருமான வரி பிடிக்கப்படாதிருந்தது. 2014-இல் தமிழ்நாட்டில் வரி பிடிக்கும்படி ஆணை வந்தது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் ஊதியத்தைத் தமக்கென வைத்துக்கொள்வதில்லை. ஆகவே அது அவர் வருமானம் அன்று என்று சபைகள் வழக்காடின. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதனை ஏற்றார். 2019-இல் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. 2024 நவம்பர் 7 அன்று உச்சநீதிமன்றமும், ஊதியம் தனிமனிதர்க்கு வழங்கப்படுவது, பின்னர் அதை எவர்க்குக் கொடுத்தாலும் வரி உண்டு என்ற நிலையை உறுதிசெய்தது.

தீர்ப்பைப் படித்தபோது நமக்கு வருத்தம் இல்லாமலில்லை. எத்தனை பிள்ளைகளின் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் அந்த ஊதியம் பயன்பட்டது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஆயினும் சில நாள் செபித்து எண்ணியபின் கப்பர்நாகும் நாணயம் நினைவுக்கு வந்தது. வார்த்தைப்பாட்டைக் கடவுள் பார்க்கிறார். சட்டம் ஊதியப் பட்டியலைத்தான் பார்க்கும். அதற்கு அவ்வளவுதான் பார்வை. ஒரு சகோதரியின் கையொப்பத்துக்கு எதிரே வரி பிடித்தம் எழுதப்படுகிறபோது, அவர் கொடுத்த கொடை குறையவில்லை. அதில் ஒரு பங்கு அரசு மருத்துவமனைக்கும் அரசுப் பள்ளிக்கும் செல்கிறது. அப்பள்ளியில் படிப்பவரும் நம் பிள்ளைகள் அல்லரோ? சலுகை போயிற்றே என்று சகோதரியர் எவரும் வகுப்பறையை விட்டு வெளியேறவில்லை. அவர்தம் கொடை சலுகையைச் சார்ந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவற்றையெல்லாம் ஆசிரியரோடு பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. "ஐயா, கணக்குப் பார்ப்பது பாவமன்று. சட்டம் தரும் சலுகையை நேர்மையாகப் பெற்று, அதனால் மிஞ்சும் தொகையையும் ஏழைக்கே கொடுத்தால் அது புண்ணியமே. ஆனால் எங்கே தேவை அதிகம் என்று முதலில் பாருங்கள். எங்கே சலுகை அதிகம் என்பதை அதன்பின் பாருங்கள். இந்த வரிசை மாறலாகாது" என்றோம்.

சில நாள் கழித்து அவர் மீண்டும் வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. ஆடிட்டர் முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தாராம். இப்போது பெரும்பாலோர்க்குத் தானாகவே பொருந்தும் புதிய வரி முறையில் 80ஜி கழிவே கிடையாது. 2025-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, அம்முறையில் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்க்குப் பொதுவாக வரியே இல்லை. அவருடைய ஓய்வூதியமோ அதில் பாதிகூட இல்லை. "சாமி, இல்லாத வரிக்கு விலக்குத் தேடி இத்தனை நாள் தூக்கம் கெட்டேன்" என்றார்.

நாமும் சிரித்தோம். ஆனால் அவர் சென்றபின் அது வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. நம் பங்குகளில் உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்று ரசீதால் ஒரு காசும் ஆதாயமில்லை. கொடுப்பதற்கு இருந்த உலகக் காரணம் ஒன்று விலகிவிட்டது. எஞ்சி நிற்பது, காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்து ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைக் கண்டவரின் பார்வை மட்டுமே. அப்பார்வை ஒன்றே போதும் என்று கொடுப்போமா, அல்லது சலுகை போனதென்று கையை மடக்கிக்கொள்வோமா என்பது நம் ஒவ்வொருவர் முன்னும் உள்ள கேள்வி.

ஆசிரியர் அந்த ஓர் இலட்சத்தை விடுதிக்குக் கொடுத்தாரா, கூரைக்குக் கொடுத்தாரா, இரண்டுக்கும் பகிர்ந்தாரா என்று நாம் கேட்கவில்லை. வரிக்குரியவர் வரியை உண்மையாய்ச் செலுத்துவோம். கொடைக்குரியவர் கொடையை மகிழ்ச்சியாய்க் கொடுப்போம். இரண்டிலும் கணக்கைத் தூய்மையாய் வைப்போம். வரி தண்டும் சாவடியிலிருந்து மத்தேயுவை அழைத்தவரும், சக்கேயுவின் வீட்டில் விருந்துண்டவருமாகிய நம் ஆண்டவர், நம் கணக்குப் புத்தகங்களின் மீதும் தம் அருட்பார்வையைத் திருப்புவாராக.